உறுப்பு மாற்றமும் பொருளின் உண்மையும்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு வருமாயின், எக்கட்டம்வரை அது அப்பொருளாகவே இருக்கும் என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. தீசியஸின் கப்பலைப் பற்றிக் கூறுமிடத்துக் கிரேக்க ஆசிரியர் புளூட்டாக் இதனைக் குறிப்பிடுகின்றார். ஏதென்ஸ் மக்கள் அக்கப்பலைப் பன்னெடுங்காலம் பேணினர். உக்கிப்போன பலகைகளை அகற்றிப் புதியனவற்றைப் பொருத்தினர். அதுவே பழைய கப்பல் என்று ஒரு சாராரும், அன்று என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். வகுப்பறைகளில் இவ்வினா பெரும்பாலும் அறிவுக்குரிய பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ஆயின், பழைய வாகனங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் இஃது அன்றாடம் எழும் நடைமுறை வினாவாகும். அங்கே அதற்கு மெய்யியல் முகம் மட்டுமன்றி ஒழுக்கவியல் முகமும் உண்டு. ஒரு பொருள் ‘அதுவே’ எனச் சொல்லப்படும்போது அச்சொல்லை நம்பிப் பொருள் கொடுப்பவர் ஒருவர் எதிரே நிற்கின்றார். இவ்விரு முகங்களுக்குமிடையிலான தொடர்பே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றது.

எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி. என்னும் பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரைக் கொள்ளலாம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலிருந்த தொழிற்சாலையில் 1962 ஆம் ஆண்டு தொடக்கம் 1980 ஆம் ஆண்டு வரை இவ்வகைக் கார்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தி செய்யப்பட்டன. 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய எஞ்சினைக் கொண்ட இவை, பெருஞ் செல்வர்க்கு மட்டும் உரிய அரும்பொருள்களாக அமைக்கப்பட்டவையல்ல. நடுத்தர வருவாயுடையோரும் வாங்கி ஓட்டிய வாகனங்கள். உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும் அவற்றுட் பல இன்றும் ஓடுகின்றன. ஓடுகின்றன என்பதன் பொருள், அவற்றின் உறுப்புகள் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டுள்ளன என்பதே.

அவ்வாறு மாற்றப்படும் உறுப்புகளுள் கிளச் முதன்மையானது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பது. சில்லுகளோ இடையிடையே நிற்கவும் மீளவும் நகரவும் வேண்டியவை. இவ்விரண்டையும் வேண்டியபோது இணைத்தும் வேண்டாதபோது பிரித்தும் வைப்பது கிளச்சின் தொழில். எஞ்சினின் பின்முனையில் சுழலும் பாரச்சில்லுக்கும், வில்லின் விசையால் அழுத்தும் தட்டுக்கும் இடையே, இரு புறமும் உராய்வுப் பொருள் பதிக்கப்பட்ட வட்டத்தட்டு ஒன்று நெருக்கப்பட்டிருக்கும். அத்தட்டு கியர் பெட்டியின் முன்தண்டிலே கோக்கப்பட்டிருக்கும். மிதியை அழுத்தும்போது குழாயிலுள்ள எண்ணெயின் அமுக்கம் ஒரு நெம்பைத் தள்ளும். நெம்பின் முனையிலுள்ள காபன் வளையம் வில்லின் நடுப்பகுதியை அழுத்த, தட்டு விடுபடும். மிதியை மெல்ல விடும்போது தட்டு முதலிற் சிறிது வழுக்கிப் பின்னர் முழுமையாகப் பற்றிக்கொள்ளும். அவ்வழுக்கலினாலேயே வாகனம் அதிர்ச்சியின்றி நகரத் தொடங்குகின்றது. அவ்வழுக்கலினாலேயே உராய்வுப் பொருளும் தேய்கின்றது.

ஆகவே, தேய்தல் கிளச்சின் குறையன்று. அதன் தொழிலோடு ஒன்றியது. பற்சில்லுகளும் தண்டுகளும் தாங்க வேண்டிய அதிர்ச்சியைத் தான் ஏற்றுத் தேய்வதற்காகவே அத்தட்டு அங்கே வைக்கப்பட்டுள்ளது. அது தேயும், தேய்ந்தபின் மாற்றப்படும் என்பது வாகனத்தை அமைத்தவரே முன்னறிந்து வகுத்த ஏற்பாடு. எஞ்சினின் வேகம் கூடியும் காரின் வேகம் கூடாதபோது கிளச் வழுக்குகின்றது என்று ஓட்டுநர் உணர்வார், பட்டறைக்குக் கொண்டுசெல்வார், தட்டும் அழுத்துதட்டும் விடுவிப்பு வளையமும் ஒருங்கே மாற்றப்படும். இதன் பின்னர் ‘இது அதே கார்தானா?’ என்று எவரும் வினவுவதில்லை.

ஆனால், இக்காரில் கிளச்சை மாற்றுவது எளிய காரியமன்று. எஞ்சினைத் தனியாகவோ கியர் பெட்டியோடு சேர்த்தோ வெளியே தூக்கினாலன்றிக் கிளச்சை அணுக இயலாது. இக்காரணத்தினால், கிளச்சுக்காகத் திறக்கப்படும் வேளையே கியர் பெட்டி இன்னதென முழுமையாக இனங்காண வாய்க்கும் வேளையாகவும் அமைகின்றது. எம்.ஜி.பி.யில் கியர் பெட்டி காலத்துக்குக் காலம் வேறுபட்டது. 1967 ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை பொருத்தப்பட்ட பெட்டியில் முதலாம் கியருக்குச் சிங்குரோமெஷ் அமைப்பு இல்லை. கார் உருண்டுகொண்டிருக்கும்போது அதனை முதலாம் கியருக்கு மாற்ற முயன்றால் பற்கள் உரசி ஒலிக்கும். அதன்பின் வந்த பெட்டியில் முன்செல்லும் நான்கு கியர்களுக்கும் அவ்வமைப்பு உண்டு. பிந்திய பெட்டியின் உருவம் வேறு. அதற்கு இடமளிக்கக் காரின் நடுப்பள்ளமும் அகலப்படுத்தப்பட்டது. எஞ்சினைத் தொடக்கும் மோட்டாரின் வகையும் மாறியது. இவையன்றி, பெட்டியின் பின்னே ஓவர்டிரைவ் என்னும் தனிப்பகுதி சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. அதே வேகத்தில் எஞ்சினின் சுழற்சியை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைக்கும் அப்பகுதி, பல ஆண்டுகளாக மேலதிக விலை கொடுப்போருக்கே வழங்கப்பட்டது.

இன்னொரு சான்றும் உண்டு. எஞ்சினின் பக்கத்தில் தறையப்பட்ட சிறு தகட்டிலே எஞ்சின் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முன்னெழுத்துகளுள் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து இருப்பின், அவ்வெஞ்சின் ஓவர்டிரைவ் உள்ள பெட்டியோடு தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது என்பது கருத்து. எனவே எஞ்சினின் தகடு, எஞ்சினைப் பற்றி மட்டுமன்றி அதன் பின்னேயுள்ள பெட்டியைப் பற்றியும் ஒரு செய்தியைக் கூறுகின்றது. அச்செய்தி காரின் பிறப்பைப் பற்றியது. இன்றைய நிலையைப் பற்றியதன்று. பிறப்பும் இன்றைய நிலையும் ஒத்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

1966 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட எம்.ஜி.பி. ஒன்றைக் கற்பனை செய்து கொள்வோமாயின் சிக்கல் தெளிவாகும். கிளச்சை மாற்றுவதற்காக எஞ்சின் தூக்கப்படுகின்றது. தகட்டில் ‘ஆர்’ என்னும் எழுத்து உள்ளது. ஆயின், பின்னே இருப்பதோ ஓவர்டிரைவ் இல்லாத பழைய பெட்டி. யாரோ ஒருவர், எப்போதோ, பழுதடைந்த பெட்டியைத் திருத்தப் பணம் போதாமலோ உறுப்புக் கிடையாமலோ, கைக்கெட்டிய வேறொரு பெட்டியைப் பொருத்திக் காரைத் தொடர்ந்து ஓட்டியுள்ளார். இன்றைய உரிமையாளர் அடுத்த ஆண்டு அக்காரை விற்க எண்ணியுள்ளார். அவர்முன் மூன்று வழிகள் உள்ளன: இருக்கும் பெட்டியை அவ்வாறே விடுதல், அதே காலத்தைச் சேர்ந்த, ஓவர்டிரைவ் உள்ள பெட்டியை உடைக்கப்பட்ட வேறொரு காரிலிருந்து பெற்றுப் பொருத்துதல், நடுப்பள்ளத்தை வெட்டி அகலமாக்கி, ஓட்டுவதற்கு இலகுவான பிந்திய பெட்டியைப் பொருத்துதல். இவற்றுள் எது சரியானது? எதன் பின்னரும் அக்காரை ‘1966 ஆம் ஆண்டின் கார்’ என்று கூறலாமா?

இவ்வினாவுக்கு மெய்யியலாளர் அளித்துள்ள விடைகள் பலதிறத்தன. முழுப்பொருள் உறுப்புகளின் வேறான ஒன்று என்பது நியாய வைசேடிகர் கொள்கை. அதனை அவர்கள் அவயவி என்பர். ஆனால், உறுப்பொன்று நீங்கின் பழைய முழுப்பொருள் அழிந்து புதியதொன்று தோன்றுகின்றது எனவும் அவர்கள் கொள்வர். இதனைக் கண்டிப்பாகப் பின்பற்றின், கிளச் மாற்றப்பட்ட மறுகணமே பழைய கார் இல்லாதொழியும். பௌத்தர் இதற்கு எதிர்முனையில் நிற்பர். மிலிந்தபஞ்ஹ என்னும் பாளி நூலில் நாகசேன தேரர் மன்னனை நோக்கி, நீர் வந்த தேர் யாது, ஏர்க்காலா, அச்சா, சில்லா என ஒவ்வொன்றாக வினவுகின்றார். எதுவும் தேரன்று, இவற்றைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பது அவ்வுரையாடலின் முடிபு. மேனாட்டிலே ஜோன் லொக், 1694 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பிற் சேர்த்த அதிகாரத்தில், உயிருள்ளவற்றின் ஒருமை அவற்றின் பருப்பொருளிலன்றி, ஒரு பயனை நோக்கி உறுப்புகள் அமைந்து தொடர்ந்து இயங்கும் ஒழுங்கிலே தங்கியுள்ளது என்றார். அதனை விளக்கக் கடிகாரத்தை உவமையாக எடுத்துக்கொண்டார்.

லொக்கின் விடை கிளச்சுக்கு நன்கு பொருந்துகின்றது. தட்டு மாறினும் தட்டின் தொழில் மாறவில்லை. காரின் ஒழுங்கு தொடர்கின்றது. ஆனால், அவ்விடை கியர் பெட்டிக்குப் போதுமானதன்று. தொழிலை மட்டும் நோக்கின், பிந்திய பெட்டி முந்தியதைவிடச் செம்மையாகவே தொழிற்படும். எனினும், அதனைப் பொருத்தியபின் ஏதோ ஒன்று மாறிவிட்டது என்னும் உணர்வு எழுகின்றது. அது வெறும் மனமயக்கமா? அன்று என்றே கூறவேண்டும். பொருளைக் குறித்து எழுப்பக்கூடிய வினாக்கள் இரண்டு: ‘இஃது என்ன செய்கின்றது?’ என்பது ஒன்று. ‘இஃது எங்கிருந்து வந்தது?’ என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு உறுப்பின் தொழிலே விடை. இரண்டாவதற்கு உறுப்பின் வரலாறே விடை. தீசியஸின் கப்பல் பற்றிய விவாதம் முடிவின்றி நீள்வதற்குக் காரணம், இவ்விரு வினாக்களும் ஒரே பெயரின் கீழ் கலந்து கேட்கப்படுவதே எனலாம்.

இக்கலப்பை நீதிமன்றமொன்று பிரித்துக் காட்டிய சந்தர்ப்பம் உண்டு. பென்ற்லி நிறுவனத்தின் ஸ்பீட் சிக்ஸ் வகையைச் சேர்ந்த ‘ஓல்ட் நம்பர் வன்’ என்னும் கார், பிரான்சின் லெ மான் நகரில் நடைபெறும் இருபத்து நான்கு மணிநேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றது. பின்னர் அதன் உறுப்புகள் பல மாற்றப்பட்டன. பெரிய எஞ்சினும் பொருத்தப்பட்டது. 1932 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புறூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நேர்ந்த விபத்தில் அதன் ஓட்டுநர் உயிரிழந்தார். கார் மீண்டும் கட்டப்பட்டது; வேறு உடல் பெற்றது. ஏறத்தாழ ஒரு கோடி பவுண் பெறுமதியில் அதனை வாங்க உடன்பட்டோர், அது உண்மையான ‘ஓல்ட் நம்பர் வன்’ அன்று எனக் கூறிப் பின்வாங்கவே, 1990 ஆம் ஆண்டில் வழக்கு இலண்டன் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. பந்தயத்தில் வென்றபோதிருந்த உறுப்புகளுள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. நீதிபதி ஒட்டன் அதனை ‘மூலநிலை மாறாத’ கார் என அழைக்க இயலாது எனக் கண்டார். ஆயினும், அது இடையறவின்றித் தொடர்ந்த வரலாற்றையுடையது, அவ்வுரிமையைக் கோரும் வேறொரு கார் இல்லை, ஆதலின் அது உண்மையானதே எனத் தீர்ப்பளித்தார்.

வேறொரு கார் இல்லை என்னும் கூற்று கருத்தூன்றி நோக்கற்பாலது. தோமஸ் ஹொப்ஸ் பதினேழாம் நூற்றாண்டில் இச்சிக்கலையே முன்வைத்தார். கழற்றப்பட்ட பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் மீண்டும் ஒரு கப்பலைக் கட்டினால், இரண்டனுள் எது தீசியஸின் கப்பல் என்பது அவர் வினா. அத்தகைய போட்டி இல்லாதபோது, படிப்படியாக நிகழ்ந்த மாற்றம் பொருளின் பெயரைப் பறிப்பதில்லை என்பது அத்தீர்ப்பினாற் பெறப்படும். மூலநிலை என்பது பருப்பொருளைப் பற்றியது. உண்மை என்பது தொடர்ச்சியைப் பற்றியது. தொடர்ச்சியோ தானே பேசுவதில்லை. அதனை எடுத்துரைக்கும் பதிவும் சாட்சியமும் வேண்டும். அவை பொய்யாயின் தொடர்ச்சியும் ஐயத்துக்கிடமாகும். மெய்யியல் வினா ஒழுக்கவியல் வினாவாக மாறும் இடம் இதுவே.

மேற்கூறிய கற்பனைக் காருக்கு மீளலாம். உரிமையாளர் இரண்டாம் வழியைத் தேர்ந்து, வேறொரு காரின் ஓவர்டிரைவ் பெட்டியைப் பொருத்துகின்றார் எனக் கொள்வோம். இதிலே தவறேதும் இல்லை. ஆனால், விற்கும்போது ‘தகட்டைப் பாருங்கள், பிறந்தபோதிருந்த பெட்டியே இது’ என்று கூறுவாராயின் தவறு நிகழ்கின்றது. உறுப்பை மாற்றியமை குற்றமன்று; மாற்றத்தை மறைத்தமையே குற்றம். ஒரே செயல், அதைப் பற்றிக் கூறப்படும் கூற்றினால் திருத்தமாகவோ மோசடியாகவோ ஆகின்றது. தகடு தறையாணியினால் இணைக்கப்பட்டது. அதைக் கழற்றி வேறோர் எஞ்சினிற் பொருத்துவதும் கைத்திறனுக்கு அரிதன்று. ஆகவே, தகட்டின் உண்மை உலோகத்தில் இல்லை. அதனைக் கையாள்வோரின் நேர்மையிலே உள்ளது.

இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். புதிதாகப் பொருத்திய பெட்டி அதே தொழிற்சாலையில், அதே ஆண்டில், அதே வரைபடத்தின்படி செய்யப்பட்டது. வாங்குபவர் எவ்வகையிலும் வேறுபாட்டை உணரப்போவதில்லை. உணரப்படாத வேறுபாட்டினால் யாருக்கு என்ன தீங்கு? இத்தடை வலிமையுடையதுபோல் தோன்றினும் நிலைக்கமாட்டாது. முதலாவது, வாங்குபவர் பெறுவது பயணத்துக்குரிய ஒரு கருவியை மட்டுமன்று. ஒரு வரலாற்றையும் பெறுகின்றார். அதற்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றார். இரண்டாவது, அவரால் உண்மையைத் தாமே கண்டறிய முடியாது. உறை மூடப்பட்டபின் உள்ளே நிகழ்ந்ததை முழுவதும் காண மீண்டும் எஞ்சினைத் தூக்கவேண்டும். விற்பவரும் பட்டறையாளரும் கண்டதை அவர் காணவில்லை. சோதிக்க இயலாத இடத்தில் நம்பிக்கையே சோதனையின் இடத்தை நிரப்புகின்றது. ஆதலின், அவ்விடத்திலே உண்மை கூறும் கடமை குறைவதில்லை, மிகுகின்றது. மூன்றாவது, பொய் ஒருவரை மட்டும் தாக்குவதன்று. பெட்டியைக் கொடுத்த காரின் வரலாறும், அன்று பணமின்றியும் காரைக் கைவிடாமல் எளிய பெட்டியைப் பொருத்தி ஓட்டியவரின் செயலும் ஒருங்கே அழிக்கப்படுகின்றன.

மூன்றாம் வழியிலே வேறொரு கேள்வி உண்டு. பிந்திய பெட்டியைப் பொருத்துவதற்கு உடலின் உலோகத்தை வெட்டவேண்டும். பொருத்தியதை எளிதிற் கழற்றலாம். வெட்டியதை அவ்வாறு மீட்டல் அரிது. இதனை ஒளிவுமறைவின்றிச் செய்பவர் பொய்யர் அல்லர். எனினும், தமக்குப் பின் வருவோரின் தெரிவையும் அவர் இன்றே முடித்துவிடுகின்றார். நீண்டகாலம் வாழும் பொருளைக் கையிற் கொண்டவர் அதன் உரிமையாளர் மட்டுமல்லர், ஓரளவுக்கு அதன் பொறுப்பாளரும் ஆவர். மீட்கக்கூடிய மாற்றத்துக்கும் மீட்க முடியாத மாற்றத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணியபின்னும், ஓடாமற் கிடப்பதைவிட வெட்டி ஓடுவதே மேல் என அவர் துணிவாராயின், அத்துணிவை முற்றாகக் கடிய இயலாது.

ஏனெனில், மூலநிலையைத் தெய்வமாக்கும் மறுகோடியும் உண்டு. ஓர் உறுப்பும் தேயக்கூடாது என்னும் அச்சத்தால் காரைக் கண்ணாடி அறையில் அடைத்துவைப்போர் உளர். பெட்டியின் இலக்கமும் எஞ்சினின் இலக்கமும் ஏட்டோடு ஒத்திருக்கின்றன என்பதிலே அவர்கள் நிறைவு காண்பர். ஆனால், ஓடுவதற்கெனச் செய்யப்பட்ட பொருள் ஓடாதிருந்து பெற்ற ஒருமை எத்தகையது? தேயாத கிளச் தன் தொழிலைச் செய்யாத கிளச்சே. உறுப்புகளை இழக்காமல் தொழிலை இழந்த கார், தொழிலைக் காத்து உறுப்புகளை இழந்த காரைவிட உண்மையானது என்று எளிதிற் கூறிவிட முடியாது. நூதனசாலைக்கும் உரிய பணி உண்டு. ஆயின், எல்லாப் பொருளுக்கும் அதுவே முடிவாகாது.

இறுதியாக, வரலாற்றை உள்ளவாறு கூறுக என்பது எளிது. வரலாறே தெரியாதபோது யாது செய்வது என வினவலாம். கற்பனைக் காரிலே பெட்டியை மாற்றியவர் யார், மாற்றிய ஆண்டு யாது என்பன உரிமையாளருக்குத் தெரியா. இங்கிலாந்தின் கேடன் கிராமத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலை, தொழிற்சாலைப் பதிவேடுகளின் அடிப்படையில் இத்தகைய கார்களுக்குச் சான்றிதழ் வழங்குகின்றது. அதுவும் காரின் பிறப்பையே கூறும். பின்னர் நிகழ்ந்தவற்றைக் கூறாது. இந்நிலையிலே, ‘பெட்டி மாற்றப்பட்டுள்ளது, எப்போது என அறியப்படவில்லை’ என்று எழுதிவைப்பதே நேரிய வழி. அறியாமையை ஒப்புக்கொள்ளும் குறிப்பும் வரலாற்றின் ஓர் உறுப்பே. அவ்வெற்றிடத்தைக் கதையினால் நிரப்புவதே வரலாற்றைச் சிதைப்பதாகும்.

தமிழிலக்கணம் முழுப்பொருளை முதல் என்றும் உறுப்பைச் சினை என்றும் வழங்கும். சினை மாறின் முதல் மாறுமா என்னும் வினாவுக்கு, மேற்கூறியவற்றால் ஒருவாறு விடை பெறப்படுகின்றது. தொழில் தொடரும்வரையும் அத்தொடர்ச்சி உண்மையாக எடுத்துரைக்கப்படும்வரையும் முதல் நிலைக்கின்றது. முன்னையதைக் காப்பது கைத்திறன். பின்னையதைக் காப்பது ஒழுக்கம். இவ்விடை காருக்கு மட்டும் உரியதன்று. சட்டங்கள், கலைகள், கல்வி நிலையங்கள், வழிபாட்டு முறைகள் யாவும் தம் உறுப்புகளை மாற்றிக்கொண்டே நெடுங்காலம் வாழ்பவை. அவற்றிலே மாற்றத்தை முழுவதும் மறுப்போரும் உளர். மாற்றியதை மறைத்து, ஆதிமுதல் இவ்வாறே இருந்தது எனச் சாதிப்போரும் உளர். இரண்டாவது தவறே பெரிது. மறுப்போருடன் வாதிடலாம், மறைக்கப்பட்டதை அடுத்த தலைமுறை கண்டறிவதற்கோ எல்லாவற்றையும் மீண்டும் திறந்து பார்க்கவேண்டியிருக்கும். பட்டறையிலே எஞ்சின் மீளப் பொருத்தப்படுவதற்கு முன்னர், கண்டது இன்னது, மாற்றியது இன்னது என ஒரு தாளிற் குறித்துக் காரோடு வைத்துவிடும் வினைஞர், அச்சுமையைத் தமக்குப் பின் வருவோருக்கு இல்லாமற் செய்கின்றார்.